அம்மை வைரஸை ஆராய்பவர் என்னதான் செய்கிறார்?

மாட்டின் உடம்பில் உருண்டை உருண்டையாகக் கட்டி எழும்பினால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் "மாட்டுக்கு அம்மை போட்டிருக்கு" என்பார்கள். கோழியின் கொண்டையில் கறுப்பாகப் பொருக்குத் தட்டினாலும் அம்மைதான். குழந்தைக்கு மேலெல்லாம் நீர்க்கொப்புளம் கண்டாலும் அம்மைதான். இதில் மாட்டுக்கும் கோழிக்கும் வந்தவை ஒரே குடும்பத்து வைரஸ்கள். குழந்தைக்கு வந்த சின்னம்மை அந்தக் குடும்பத்தில் சேராது, அது ஹெர்பிஸ் வகை. தட்டம்மை இன்னொரு குடும்பம், புட்டாலம்மையும் அதன் பங்காளி. பெரியம்மை மட்டும்தான் மாட்டு அம்மைக்கும் கோழி அம்மைக்கும் நேர் உறவு.

அந்த உறவுக்கூட்டத்துக்குப் பாக்ஸ் வைரஸ்கள் என்று பெயர். அவை எப்படி வேலை செய்கின்றன, அவற்றின் பின்னாலேயே ஒருவர் வாழ்நாள் முழுக்க அலைந்தால் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லத்தான் இது. உயிரியல் எடுத்திருக்கும் பிளஸ் டூ பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். வீட்டில் நாலு மாடு வைத்திருப்பவர்களும் படிக்கலாம். சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் இதில் விஷயம் அதிகம்.

குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஆடு ஓட்டி வருபவரிடம் கேட்டால் இந்தக் குடும்பத்தில் பாதியை அவரே சொல்லிவிடுவார். ஆட்டம்மை ஒன்று: காய்ச்சல் வரும், மயிர் குறைவான இடங்களில், வாலடியில், மடியில் தடிப்புத் தடிப்பாக எழும்பும். குட்டிகளின் உதட்டைச் சுற்றி ஆறாத பொருக்குப் புண் வருமே, அதற்கு ஓர்ஃப் என்று பெயர். அதுவும் பாக்ஸ் வைரஸ்தான். அந்தக் குட்டிக்கு வெறுங்கையால் மருந்து தடவியவரின் விரலிலும் ஒரு கொப்புளம் கிளம்பி, சில வாரங்கள் இருந்துவிட்டுத் தானே ஆறிப்போகும். எருமை அம்மை மடியிலும் காம்பிலும் வரும், பால் கறக்கும் கைக்கும் தாவும். மாட்டுக்கு வருவதைத் தோல் கழலை நோய் என்றும் பெரியம்மை என்றும் கால்நடைத் துறையினர் சொல்கிறார்கள். மனிதருக்கு வந்த பெரியம்மை வேறு வைரஸ். மாட்டுக்கு வரும் இது மனிதருக்கு வராது. மாட்டுக்குப் பெரியம்மை என்று கேட்டதும் பாலையே நிறுத்திவிட்ட வீடுகள் உண்டு. பாலால் அந்த நோய் நமக்கு வராது. எந்தப் பாலையும்போல நன்றாகக் காய்ச்சிக் குடித்தால் போதும்.

சரி, இவற்றை ஒரே குடும்பம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? முதலில் உருவம். வைரஸ்களில் இவை பெரிய ஆட்கள். போலியோ வைரஸின் குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர், கொரோனா சுமார் 100. பாக்ஸ் வைரஸோ 300 நானோமீட்டர் வரை போகும், செங்கல் வடிவில் இருக்கும். எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வருவதற்கு முன்பே, 1886-ல், எடின்பரோவில் ஜான் புய்ஸ்ட் என்ற மருத்துவர், அம்மை குத்தப் பயன்படுத்திய திரவமான அம்மைப்பாலைச் சாயமேற்றிச் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது கண்ட சிறு புள்ளிகள் இந்த வைரஸ்தான் என்று இன்று தெரிகிறது. வைரஸ் என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாத காலம். அவர் அதைப் பாக்டீரியாவின் வித்து என்று நினைத்தார்.

அடுத்தது உள்ளே இருக்கும் சரக்கு. எச்.ஐ.வி.யின் மரபுச் செய்தியில் பத்தாயிரத்துக்கும் குறைவான எழுத்துகளே உண்டு. கொரோனாவில் சுமார் 30,000. குரங்கம்மை வைரஸில் கிட்டத்தட்ட 1,97,000 எழுத்துகள், ஏறக்குறைய இருநூறு மரபணுக்கள். இவ்வளவு எதற்கு? டிஎன்ஏவை வைத்துக்கொண்டு பிழைக்கும் மற்ற வைரஸ்களில் பெரும்பாலானவை நம் செல்லின் மையமான உட்கருவுக்குள் நுழைந்து, அங்கிருக்கும் கருவிகளை எடுத்துத்தான் தங்களைப் பெருக்கிக்கொள்ளும். பாக்ஸ் வைரஸ் அப்படி இல்லை. கல்யாண வீட்டுக்கு வரும் சமையல் கோஷ்டி அடுப்பு, அண்டா, கரண்டி எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டுச் சமையலறைப் பக்கமே போகாமல் கொல்லையில் கொட்டகை போட்டுச் சமைப்பதைப் போல, இது தன் டிஎன்ஏவைப் படிக்கும் நொதியைக்கூடத் தன்னோடு கொண்டுவந்துவிடுகிறது. உட்கருவை எட்டிப் பார்க்காமல், வெளியே செல்லின் திரவப் பகுதியிலேயே தொழிற்சாலை வைத்துக்கொள்கிறது. அந்தத் தொழிற்சாலை நோயுற்ற செல்லில் ஒரு கறையாகத் தெரியும். 1892-லேயே இத்தாலியர் குவார்னியேரி அதைப் பார்த்துக் குறித்துவைத்தார்.

மீதிப் பல மரபணுக்களின் வேலை நம் உடம்பின் காவலை ஏமாற்றுவது. ஒரு செல்லுக்குள் வைரஸ் புகுந்தால் பக்கத்துச் செல்களை எச்சரிக்க உடம்பு சில புரதங்களை வெளியே அனுப்பும். அவற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளப் பாக்ஸ் வைரஸ் போலிக் கொக்கிகளைத் தயாரித்து வெளியே மிதக்கவிடுகிறது. சில பாக்ஸ் வைரஸ்கள் அந்த மரபணுக்களையே ஏதோ ஒரு காலத்தில் தாங்கள் தங்கியிருந்த விலங்கிடமிருந்து களவாடியிருக்கின்றன. இன்னொரு வேடிக்கை 2012-ல் தெரியவந்தது. அமெரிக்காவில் நெல்ஸ் எல்டி, ஹர்மீத் மலிக் ஆகியோரின் குழுவினர் வாக்சினியா என்ற பாக்ஸ் வைரஸை மனிதச் செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்தார்கள். நம் செல்லின் ஒரு காவல் புரதத்தை அது சரியாகச் சமாளிக்க முடியாமல் திணறிற்று. சில தலைமுறைகளிலேயே, அந்தக் காவலை எதிர்க்கும் ஒரே மரபணுவை வரிசையாகப் பல பிரதிகள் எடுத்து வைத்துக்கொண்டது. பிரதிகள் கூடியதால், அவற்றில் ஏதோ ஒன்றில் பொருத்தமான மாற்றம் விழும் வாய்ப்பும் கூடியது. மாற்றம் கிடைத்த பிறகு மிச்சப் பிரதிகளைக் கழற்றிவிட்டது. டிஎன்ஏ வைரஸ்கள் மெதுவாகத்தான் மாறும், பயப்பட ஒன்றுமில்லை என்று அதுவரை நினைத்திருந்தார்கள்.

இனி மனிதர்களுக்கு வருவோம். பாக்ஸ் வைரஸ் ஆராய்ச்சியே வாழ்க்கை என்று இருந்தவர்களில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவின் ஃபிராங்க் ஃபென்னர். 1914-ல் பிறந்து 2010-ல் இறந்தவர். இரண்டாம் உலகப்போரில் ராணுவ மருத்துவராக மலேரியாவோடு மல்லுக்கட்டிவிட்டு, 1946-ல் மெல்பர்னில் மெக்ஃபார்லேன் பர்னெட் என்ற வைரஸ் விஞ்ஞானியின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். கொடுத்த வேலை எலிகளுக்கு வரும் அம்மை. ஊரில் யாரிடமாவது போய், எலிக்கு வரும் அம்மையை ஆராய்கிறேன் என்று சொன்னால் பெண் கொடுக்கமாட்டார்கள். ஆனால் நம் உடம்பில் அம்மை எப்படிப் பரவுகிறது என்ற கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கும் விடை அந்த எலிகளிடமிருந்துதான் வந்தது.

தொற்று ஏறிய பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் ஆளுக்கு ஒன்றுமே தெரியாது, திடீரென்று காய்ச்சல், அப்புறம் கொப்புளம். அந்த இடைப்பட்ட நாட்களில் வைரஸ் எங்கே இருக்கிறது? ஃபென்னர் எலியின் பாதத்தில் வைரஸைச் செலுத்தினார். ஒவ்வொரு நாளும் சில எலிகளை அறுத்து, எந்த உறுப்பில் எவ்வளவு வைரஸ் என்று அளந்தார். முதல் நாள் பாதத்துத் தோலில். அடுத்து, அந்தக் காலுக்கு உரிய நிணநீர்க் கணுவில். காலில் அடிபட்டால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அந்த இடம். அங்கே பெருகிக் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் அதைக் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் கொண்டுபோகிறது. அங்கே பல மடங்கு பெருகி இரண்டாம் முறை ரத்தத்தில் பாய்கிறது. அப்போதுதான் தோலுக்குப் போய்க் கொப்புளமாக வெடிக்கிறது. கொப்புளம் கண்ணில் படும்போது உடம்புக்குள் வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது என்று அர்த்தம். 1948-ல் அவர் வரைந்த அந்தப் படம் இன்றும் மருத்துவக் கல்லூரிகளில் நடத்தப்படுகிறது.

இதனால் என்ன லாபம்? பெரியம்மை வந்தவரைத் தொட்டுவிட்ட ஒருவருக்கு மூன்று நான்கு நாட்களுக்குள் தடுப்பூசி போட்டால்கூடப் பலன் கிடைக்கும். காரணம் இந்தப் படத்திலேயே இருக்கிறது: வைரஸ் இன்னும் கணுவிலும் கல்லீரலிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது, தடுப்பூசி தூண்டும் எதிர்ப்பு அதற்கு முன்பே தயாராகிவிடுகிறது. நோயாளி இருக்கும் வீட்டைச் சுற்றி வளைத்து, தொட்டவர், தொட்டவரைத் தொட்டவர் என்று ஊசி போட்டுக்கொண்டே போகும் முறை பின்னாளில் உலகத்தைக் காப்பாற்றியது. அதை 1966-ல் நைஜீரியாவில் முதலில் செய்து காட்டியவர் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபேகி. மருந்து குறைவாக இருந்தது, ஊர் முழுக்கப் போட முடியவில்லை. அந்த நெருக்கடியில் பிறந்த யோசனை அது.

ஃபென்னரின் அடுத்த வேலை முயல்கள். 1859-ல் இங்கிலாந்திலிருந்து இரண்டு டஜன் முயல்களைக் கொண்டுவந்து ஆஸ்திரேலியாவில் ஒருவர் வேட்டைக்காக அவிழ்த்துவிட்டார். நூறு வருடத்துக்குள் அவை கோடிக்கணக்கில் பெருகி மேய்ச்சல் நிலத்தை மொட்டையடித்தன. தென்னமெரிக்கக் காட்டு முயலுக்கு லேசான கட்டி மட்டும் உண்டாக்கும் மிக்சோமா என்ற பாக்ஸ் வைரஸ், ஐரோப்பிய முயலைக் கொன்றே போடும். 1950-ல் அதை வெளியில் விட்டார்கள். கொசு அதைப் பரப்பியது. முதல் அலையில் தொற்றிய முயல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் செத்தன. அதே சமயம் அந்தப் பகுதியில் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் பரவ, முயல் வைரஸ்தான் காரணம் என்று வதந்தி கிளம்பியது. ஃபென்னரும், பர்னெட்டும், இயன் குளூனிஸ் ராஸ் என்ற விஞ்ஞானியும் அந்த வைரஸைத் தங்கள் உடம்பிலேயே ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்குக் கையெழுத்துப் போடாது.

அதற்குப் பின் நடந்ததுதான் பாடம். சில வருடங்களில் முன்னைப்போல் முயல்கள் சாகவில்லை. ஃபென்னர் ஆண்டுதோறும் வைரஸைச் சேகரித்து, மாறாத ஆய்வக முயல்களில் அதன் வீரியத்தைச் சோதித்தார். இரண்டு வாரத்துக்குள்ளேயே முயலைக் கொன்றுவிடும் வைரஸைக் கொசு எடுத்துப்போக அவகாசம் கிடைக்கவில்லை. கொஞ்சம் தாமதமாகக் கொல்லும் வகையே பரவி நிலைத்தது. முயல்களிலும் தாங்கிப் பிழைத்தவற்றின் வாரிசுகள் பெருகின. இதைப் பிடித்துக்கொண்டு "எந்த வைரஸும் நாளாக ஆகச் சாதுவாகிவிடும்" என்று கொரோனா காலத்தில் பலர் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். முழுக்கதை அப்படி இல்லை. நிலைத்து நின்ற அந்த "மிதமான" வகைகளே ஆய்வக முயல்களில் பெரும்பாலானவற்றைக் கொல்பவை. முயல்களுக்கு எதிர்ப்பு கூடியதும் வைரஸும் பிற்காலத்தில் மறுபடி கடுமையாகியது. வைரஸுக்குத் தேவை பரவல், அவ்வளவே. அதற்கு எந்த அளவு கொடுமை தோதுப்படுகிறதோ அந்த அளவில் நிற்கும்.

1970-களின் கடைசியில், பெரியம்மை உண்மையிலேயே ஒழிந்துவிட்டதா என்று சரிபார்க்கும் உலக ஆணையத்துக்கு ஃபென்னரைத் தலைவராக்கினார்கள். எலி, முயல் என்று இருந்தவர் 1980 மே மாதம் உலக சுகாதாரச் சபையின் முன் நின்று, பெரியம்மை இனி இல்லை என்று அறிவித்தார்.

உங்கள் வீட்டு ஆயாவின் கையைப் பாருங்கள். முழங்கைக்குக் கீழேயோ மேல்கையிலோ ரூபாய்க் காசு அகலத்தில் ஒன்றிரண்டு வட்டத் தழும்புகள் இருக்கும். நடுவில் தோல் மழமழவென்று இறங்கி, ஓரம் சுருங்கியிருக்கும். அம்மை குத்திய தழும்பு அது. உங்கள் தோளில் இருப்பது காசநோய்க்கான பி.சி.ஜி. தழும்பு, அது சிறியது. சென்னை கிண்டியில் இருக்கும் கிங் இன்ஸ்டிடியூட் 1899-ல் தொடங்கப்பட்டதே இந்த அம்மைப்பாலைத் தயாரிக்கத்தான். அந்த ஊசிக்குள் இருந்தது பெரியம்மை வைரஸ் இல்லை, வாக்சினியா என்ற அதன் சாதுவான உறவுக்காரன். ஒருமுறை ஒன்றுக்கு எதிராகத் தயாரான உடம்பு குடும்பத்தில் நெருங்கிய மற்றவற்றையும் அடையாளம் கண்டுகொள்ளும். 1796-ல் எட்வர்ட் ஜென்னர் மாட்டு அம்மையை (தோல் கழலை நோய் இல்லை, மடியில் வரும் வேறு வகை) ஒரு சிறுவனின் கையில் குத்தியபோது நம்பியதும் இதைத்தான். இந்தியாவில் முதலில் குத்திக்கொண்டது 1802-ல் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தை.

மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, வாசலில் வேப்பிலை செருகி, வெளியார் யாரையும் உள்ளே விடாமல், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை நோயாளியைத் தனியாக வைத்திருந்த வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் தனிமைப்படுத்தியது நல்ல மருத்துவம். அதே வழக்கத்தில் "ஆஸ்பத்திரிக்குப் போனா ஆத்தா கோவிச்சுக்குவா" என்ற பகுதியால் எத்தனையோ உயிர் போயிருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் புகழ்வதும் திட்டுவதும் எனக்குச் சம்மதமில்லை.

பெரியம்மையை ஒழிக்க முடிந்ததற்கு முக்கியமான காரணம், அதற்கு மனிதனைத் தவிர வேறு வீடு இல்லாதது. மாட்டில் இல்லை, குரங்கில் இல்லை, எலியில் இல்லை. மேலும் கொப்புளம் முகத்திலேயே தெரியும், ஒளிந்து பரவாது. இந்தியாவில் சுகாதாரப் பணியாளர்கள் நோயுள்ள குழந்தையின் படம் போட்ட அட்டையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் "இப்படி யாரையாவது பார்த்தீங்களா?" என்று கேட்டார்கள், தகவல் சொன்னவர்களுக்குப் பரிசுப் பணம் கொடுத்தார்கள். 1975 மே மாதம் அசாமின் கரீம்கஞ்ச் ரயில் நிலையத்தில் கண்டுபிடித்ததே நாட்டில் கடைசி நோயாளி. உலகில் இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977-ல் சோமாலியாவின் அலி மாவ் மாலின், ஆஸ்பத்திரிச் சமையல்காரர். பிழைத்துக்கொண்டார். பின்னாளில் போலியோ சொட்டு மருந்துக்காக ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்தார்.

ஒழிந்ததும் ஊசியை நிறுத்தினார்கள். நிறுத்தியது சரியே, அந்த ஊசியிலும் அரிதாகச் சிலருக்கு ஆபத்து இருந்தது. ஆனால் உலகில் இன்று ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கும் பெரும்பாலோர் கையில் அந்தத் தழும்பு இல்லை. குரங்கம்மை நுழைந்தது அந்தச் சந்தில்தான். 1958-ல் கோபன்ஹேகனில் ஆய்வகக் குரங்குகளிடம் முதலில் பார்த்ததால் அந்தப் பெயர், மற்றபடி அது ஆப்பிரிக்கக் காடுகளின் அணில், எலி வகைகளில் தங்கியிருப்பதாகவே கருதுகிறார்கள். மனிதருக்கு வந்தது முதலில் தெரிந்தது 1970-ல், காங்கோவில் ஒன்பது மாதக் குழந்தைக்கு. பெரியம்மைத் தடுப்பூசி இதற்கு எதிராகவும் சுமார் 85 சதவீதம் பாதுகாத்தது என்று அப்போதே கணக்கிட்டிருந்தார்கள். ஊசி நின்று முப்பது வருடத்தில் காங்கோவில் இந்த நோய் இருபது மடங்கு கூடியது. 2022-ல் உலகெங்கும் பரவியது. அந்த ஜூலையில் கேரளத்தின் கொல்லத்தில் இந்தியாவின் முதல் நோயாளியைக் கண்டார்கள். புனே தேசிய வைராலஜி நிறுவனம் உறுதிப்படுத்தியது.

அந்த வைரஸின் எழுத்துகளைப் படித்தபோது ஒரு விநோதம் தென்பட்டது. இந்தக் குடும்பத்து வைரஸில் வருடத்துக்கு ஒன்றிரண்டு எழுத்து மாறினாலே அதிகம். இதில் வருடத்துக்கு ஆறு அளவில் மாறியிருந்தது, அதுவும் ஒரே பாணியில். மனிதச் செல்லில் இருக்கும் அபோபெக்3 என்ற நொதி வைரஸின் டிஎன்ஏவைக் கெடுக்க முயலும்போது விட்டுச்செல்லும் கீறல் அது. கீறல்களை எண்ணிப் பின்னோக்கிப் போனால், 2016 வாக்கிலேயே அந்த வைரஸ் விலங்கை விட்டு மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவத் தொடங்கியிருந்தது தெரிகிறது. ஆறு வருடம் யார் கண்ணிலும் சரியாகப் படவில்லை.

இதையெல்லாம் கண்டுபிடிக்கும் வேலை தினப்படி எப்படி இருக்கும்? சினிமாவில் வருவதுபோல் விண்வெளி உடை எப்போதும் கிடையாது. பெரும்பாலும் ஒரு கூடத்தில் வாக்சினியா போன்ற பாதுகாப்பான உறவுக்காரனை வைத்துத்தான் வேலை. உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டில் ஆறு குழிகள். குழியின் அடியில் குரங்குச் சிறுநீரகச் செல்களை ஒரே அடுக்காக, இடைவெளியில்லாமல் வளர்த்திருப்பார்கள். அதன்மேல் வைரஸ் கரைசலைப் பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று நீர்க்கச் செய்து ஒவ்வொரு குழியிலும் விடுவார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவினால், உயிரோடிருக்கும் செல்கள் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், வைரஸ் தின்ற இடம் வெள்ளை வட்டமாக ஓட்டை விழுந்திருக்கும். ஒரு வட்டம் ஒரு வைரஸிலிருந்து கிளம்பியது. வட்டங்களை எண்ணி நீர்க்கச் செய்த அளவால் பெருக்கினால் கரைசலில் எவ்வளவு வைரஸ் என்று கிடைத்துவிடும். ஒரு மரபணுவை வெட்டியெடுத்துவிட்டு மறுபடி இதையே செய்து, வட்டம் சிறுத்துப்போனால், அந்த மரபணு பரவலுக்கு வேலை செய்கிறது என்று பொருள். இப்படி எண்ணி எண்ணியே முனைவர் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம்.

இதற்கு முந்தைய தலைமுறை தட்டுக்குப் பதில் முட்டையை வைத்திருந்தது. பன்னிரண்டு நாள் அடைகாத்த கோழி முட்டையின் ஓட்டில் சன்னல் வெட்டி, உள்ளே இருக்கும் சவ்வின் மேல் மாதிரியை விட்டு மூடிவைப்பார்கள். பெரியம்மை என்றால் சவ்வில் சிறுசிறு வெள்ளைப் புள்ளிகள், வாக்சினியா என்றால் பெரிய புள்ளிகள், மாட்டு அம்மை வைரஸ் என்றால் ரத்தச் சிவப்பு. சின்னம்மையா பெரியம்மையா என்ற சந்தேகத்தை முட்டையே தீர்த்துவைத்தது. இன்று பிசிஆர் சில மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது.

ஆபத்தே இல்லாத தொழில் என்று சொல்லமாட்டேன். 1978-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், பெரியம்மை ஆய்வகத்துக்கு மேல்தளத்தில் வேலை பார்த்த ஒரு புகைப்படக் கலைஞர் அந்த நோயால் இறந்தார். உலகில் பெரியம்மையால் நேர்ந்த கடைசி மரணம் அது. அதன் பிறகு அந்த வைரஸை வைத்திருக்க அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் மட்டும் அனுமதி. அப்படியும் 2014-ல் அமெரிக்காவில் ஓர் அரசுக் குளிர் அறையில் 1950-களின் பெரியம்மைக் குப்பிகள் மறந்துபோய்க் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள்.

புதிதாக முளைக்கும் வைரஸ் நோய் என்று சொல்லும்போது வானத்திலிருந்து குதிப்பதாக நினைக்க வேண்டாம். பெரும்பாலும் பழைய வைரஸ்தான், புதிய இடத்துக்கோ புதிய விலங்குக்கோ மாறுகிறது. 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழ, உண்ணி கடித்த மனிதர்களுக்கும் காய்ச்சல் வந்தது. பழந்தின்னி வௌவால்களோடு வாழும் நிபா வைரஸ் 2018-ல் கோழிக்கோட்டில் வந்தது. தோல் கழலை நோய் 1929-ல் இன்றைய ஜாம்பியாவில் முதலில் பதிவானது, பல பத்தாண்டுகள் ஆப்பிரிக்காவிலேயே இருந்தது, 2019-ல் ஒடிசா வழியாக நம் நாட்டில் தலைகாட்டியது. 2022-ல் மட்டும் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் செத்தன. கடி ஈ, கொசு, உண்ணி ஆகியவை அதைச் சுமக்கின்றன. நோய்கண்ட மாட்டைச் சந்தைக்கு ஏற்றிப்போகும் வண்டியும் சுமக்கிறது. ராஞ்சியில் நோயுற்ற மாட்டிலிருந்து எடுத்த வைரஸை ஹிசாரில் உள்ள குதிரை ஆராய்ச்சி மையத்தினர் செல்களில் தொடர்ந்து வளர்த்து வீரியம் குறைத்து, இசத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து லம்பி புரோவாக்இண்ட் என்ற தடுப்பூசியை உருவாக்கி 2022-ல் அறிவித்தார்கள். அது கைக்கு வரும்வரை ஆட்டம்மைத் தடுப்பூசியையே மாட்டுக்குப் போட்டார்கள். ஆயாவின் கைத்தழும்பில் வேலை செய்த அதே உறவுமுறைக் கணக்கு.

பர்கூரிலோ பாலக்கோட்டிலோ படிக்கும் பிள்ளைக்கு இந்தத் துறையில் நுழைய மருத்துவம் ஒன்றே வழி என்று எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடலாம். பாக்ஸ் வைரஸில் எனக்குத் தெரிந்த மிகச் சுருக்கமான வழி கால்நடை மருத்துவம். நாமக்கல்லிலும் தலைவாசலிலும் கல்லூரி இருக்கிறது, மாநில ஒதுக்கீட்டு இடங்கள் இப்போதைக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணில் கிடைக்கின்றன. கோழிதான் பிடிக்கும் என்றால் ஓசூர் மத்திகிரியிலேயே கோழியின உற்பத்திக்குத் தனிக் கல்லூரி உண்டு. நுண்ணுயிரியலோ விலங்கியலோ படித்துவிட்டு, திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் வைராலஜி முதுநிலைக்குப் போகலாம், புனேக்கும் போகலாம். கணினியும் புள்ளியியலும் கையில் இருந்தால், எழுத்து மாற்றங்களைப் படித்துப் பரவலைக் கணக்கிடும் வேலைக்கு உயிரியல் குறைவாகத் தெரிந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

கொட்டாயில் மாட்டுக்குக் காய்ச்சல் அடித்து, கழுத்திலும் தொடையிலும் நெல்லிக்காய் அளவில் கட்டி எழும்பி, முன்னங்கால் தோளருகே நெறி கட்டியிருந்தால் முதலில் அந்த மாட்டைத் தனியே கட்டுங்கள். சாணத்தையும் தேங்கிய தண்ணீரையும் அப்புறப்படுத்தினால் ஈயும் கொசுவும் குறையும். வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்து ஊட்டச் சொல்லும் மரபு மருத்துவ முறையைக் கால்நடைப் பல்கலைக்கழகமே சொல்லித் தருகிறது. கொடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் பக்கத்து மாட்டுக்கு வராமல் தடுப்பது ஊசிதான், அதுவும் நோய் ஊருக்குள் வருவதற்கு முன்னால் போட்ட ஊசி. கால்நடை மருந்தகத்துக்குச் சொன்னால் மருத்துவர் வந்து முற்றிய கட்டியின் பொருக்கைக் கிள்ளி எடுத்துக் குப்பியில் போட்டுச் சோதனைக்கு அனுப்புவார். வைரஸ் அதிகமாக இருப்பது அங்கேதான். காய்ந்து உதிர்ந்த பொருக்கிலும் அது ஒரு மாதத்துக்கு மேல்கூட உயிர்ப்போடு கிடக்கும், அதனால் உதிர்ந்ததைக் கூட்டி எருக்குழியில் தள்ளாமல் எரித்துவிடுங்கள்.